பெரிய எஸ்யூவிக்கு பிரேக் டிஸ்க், பேட் மாற்றுவது: மலைப்பாதைக்காரர்களின் கேள்விகள்

கோயம்புத்தூரில் வீடு, ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி, ஊட்டியிலும் வால்பாறையிலும் சொந்தக்காரர்கள். மாதம் ஒரு தடவையாவது மலை ஏறி இறங்காமல் முடியாது. இந்த எட்டு வருடத்தில் பேட், டிஸ்க் என்று பலதும் மாற்றிப் பார்த்தாயிற்று. ஒரு தடவை நன்றாக ஏமாந்தும் ஆயிற்று. அதனால் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன். இணையத்தில் ரோட்டர் என்று எழுதுவதைத்தான் நம் ஊர் ஸ்பேர் கடையில் டிஸ்க் என்பார்கள். நானும் டிஸ்க் என்றே சொல்கிறேன். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பது பேட், பேட்டை அழுத்துவது காலிப்பர்.

கம்பெனி கொடுத்த பிரேக் போதாதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஊருக்குள் ஓட்டி, வருடத்துக்கு ஒரு தடவை கொடைக்கானல் போய் வருகிறவர் என்றால், தேய்ந்ததும் அதே ஒரிஜினல் பேட், அதே ஒரிஜினல் டிஸ்க் போட்டுக்கொண்டு மிச்சக் காசில் நல்ல டயர் வாங்குங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலி ரோட்டில் ஒரு தடவை பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறினால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது என்று பொருள். அதாவது சக்கரத்தையே நிறுத்திவிடும் அளவுக்கு பிரேக்கில் பலம் இருக்கிறது. டயர்தான் ரோட்டைப் பிடிக்க முடியாமல் வழுக்குகிறது. அந்த வண்டிக்கு எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த முதல் நிறுத்தம் ஒரு அடிகூடக் குறையாது. நல்ல பேட், டிஸ்க்கின் பலன் தெரிவது பத்தாவது, இருபதாவது மிதியில்தான். சூடு ஏறிய பிறகும் முதல் மிதி போலவே பிடிக்க வேண்டும் என்கிறவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

அதே சாலையில் சின்ன கார்களுக்கு இல்லாத பிரச்சினை எஸ்யூவிக்கு மட்டும் ஏன்?

எடைதான். ஆட்கள், மூட்டை முடிச்சோடு வண்டி 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அதை நிறுத்தினால் கிட்டத்தட்ட 10 லட்சம் ஜூல் ஆற்றல் சூடாக மாற வேண்டும். முன்பக்க டிஸ்க் ஒன்று 10 கிலோ இருந்தால் அந்த ஒரே நிறுத்தத்தில் ஏறத்தாழ 70 டிகிரி சூடு ஏறும்.

இப்போது மலைக்கு வருவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். அதே வண்டி அந்த 1,900 மீட்டரை இறங்கும்போது விடுவிக்கிற ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 48 தடவை நிறுத்துவதற்குச் சமம். டயரின் உருளல், காற்று, இன்ஜின் எல்லாம் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் டிஸ்க்குக்குத்தான். நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறங்குகிறவர் இன்ஜினின் பங்கையும் டிஸ்க் தலையில் கட்டுகிறார். ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யிலேயே வைத்து இறங்குவதும் பல வண்டிகளில் அதே கதைதான். கியரை நாமே குறைத்துப் பிடிக்கும் வசதி அதற்காகத்தான் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் பர்லியாறு வரும்போது பிரேக் பிடிக்காமல் போய்விட்டது. டிஸ்க்கை மாற்றலாமா?

பொறுங்கள். பெடல் எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லுங்கள். இதைக் கேட்காமல் யாராவது சாமான் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தது, எவ்வளவு மிதித்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடு தாங்கவில்லை. பேட்டைக் கட்டிவைத்திருக்கும் பிசின் எரிந்து வாயு கிளம்பி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் வழுக்கலாகிவிடும். நல்ல பேட் போட்டால் தீரும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டே போய்த் தரையைத் தொட்டது என்றால் பேட்டில் தப்பில்லை. பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயிலில் குமிழி வந்தால் மிதிக்கிற அழுத்தம் குமிழியை நசுக்கவே சரியாகிவிடும், காலிப்பருக்குப் போய்ச் சேராது. இதற்கு எவ்வளவு விலை கொடுத்து டிஸ்க் வாங்கினாலும் பயனில்லை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: பெடலை வேகவேகமாகப் பம்ப் செய்வது, கியரைக் குறைப்பது, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பது. மூன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

காசு குறைவாகச் செலவாகும் இடத்திலிருந்து. முதலில் பிரேக் ஆயில். அடுத்து காலிப்பரின் ஸ்லைடு பின்களைக் கழற்றித் துடைத்து அதற்குரிய கிரீஸ் போடுவது. அந்த ஸ்லைடு பின் இறுகிவிட்டால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிறகு ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கப்புறம் பேட். கடைசியில்தான் டிஸ்க். என் வண்டியில் முதல் இரண்டும் முடிந்ததுமே பாதிக் குறை போய்விட்டது. டிஸ்க்கில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். தப்பில்லை, ஆனால் அதைப் பாதுகாப்புச் செலவு என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

எந்த ஆயில்? டாட் 3, டாட் 4, டாட் 5.1?

இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் சேர்ந்த பிறகு 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. இதுதான் தர அளவு. நான்கு வருடம் மாற்றாத டாட் 4, புது டாட் 3-ஐ விட மோசம் என்பது இதிலிருந்தே தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், மழை அதிகமுள்ள ஊர் என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குக் கீழே போகக் கூடாது.

டாட் 5 என்று புள்ளி இல்லாமல் ஒன்று இருக்கிறது. அது சிலிக்கோன். மற்றதோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் வண்டிக்கும் ஆகாது. 5.1-க்கும் 5-க்கும் உள்ள அந்த ஒரு புள்ளியைக் கவனித்து வாங்குங்கள்.

செராமிக், செமி மெட்டாலிக், ஆர்கானிக் - எந்தப் பேட் நல்லது?

எங்கே ஓட்டுகிறீர்கள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

ஆர்கானிக் பேட் மெத்தென்று பிடிக்கும், சத்தம் கிடையாது, டிஸ்க்கைத் தின்னாது. சூடு ஏறினால் முதலில் கைவிடுவதும் அதுதான். செராமிக் தூள் குறைவு, இருக்கிற தூளும் வெளிர் நிறமாக இருப்பதால் அலாய் வீல் சுத்தமாக இருக்கும். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் செராமிக் என்ற சொல்லைக் கேட்டதும் ராக்கெட்டுக்குப் போடும் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண செராமிக் பேட் சூட்டை டிஸ்க்குக்குள்ளேயே விட்டுவிடும். பாரமான வண்டி, நீண்ட இறக்கம் என்றால் டிஸ்க் பாவம்.

மலைக்கும் பாரத்துக்கும் செமி மெட்டாலிக். இரும்பும் மற்ற உலோகங்களும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கும். சூடு தாங்கும். பதிலுக்குக் கருப்புத் தூளைக் கொட்டும், காலையில் முதல் இரண்டு மிதிக்குக் கீச்சிடும், டிஸ்க்கையும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கும். நான் இப்போது போட்டிருப்பது இதுதான். சனிக்கிழமை வீல் கழுவுகிற வேலை கூடிவிட்டது, அவ்வளவுதான் நஷ்டம்.

ரேஸ் பேட் என்று விற்பதைத் தொடாதீர்கள். அது சூடாக இருந்தால்தான் பிடிக்கும். காலையில் தெருமுனையில் குழந்தை குறுக்கே ஓடி வரும்போது பேட் குளிர்ந்துதான் இருக்கும்.

பேட்டின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று எழுதியிருக்கிறதே?

உராய்வு அளவு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது எழுத்து அதிகச் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45; ஜி 0.45 முதல் 0.55. எழுத்து எவ்வளவு மேல் தரம் என்பதைவிட இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். ஜிஇ என்று இருந்தால் கீழே பிரமாதமாகப் பிடித்துவிட்டு, மலையில் கைவிடும் என்று அர்த்தம். நம் எடைக்கு எஃப்எஃப்பும் அதற்கு மேலும் போதுமானது. இது ஆய்வுக்கூடத்தில் சின்னத் துண்டை வைத்துப் பார்க்கும் சோதனைதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

90ஆர் என்று அச்சிட்டிருந்தால் அது ஐரோப்பிய விதிப்படி சோதிக்கப்பட்ட பேட். ஒரிஜினல் பேட்டின் பிடிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள்தான் மேலே கீழே போகலாம் என்பது அந்த விதி. எழுத்துக் கணக்கைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

ஓட்டை போட்ட டிஸ்க் வாங்கலாமா?

ஏமாந்த கதை இதுதான். ஒரு ஸ்பேர் கடையில், டிஸ்க் முழுக்கத் துளை, தங்க நிறப் பூச்சு, பார்க்கவே கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. "காத்து உள்ள போய் கூலாயிடும் சார்" என்றார் கடைக்காரர். போட்டுக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து வீலைக் கழற்றியபோது துளைக்குத் துளை முடி போல விரிசல். மெக்கானிக் எதுவும் சொல்லவில்லை, விரல் நகத்தை வைத்து விரிசல் மேல் இழுத்துக் காட்டினார். நகம் மாட்டியது. அன்றே கழற்றியாயிற்று.

அந்தக் காலத்துப் பேட்டிலிருந்து நிறைய வாயு வரும். அது வெளியேறத்தான் துளை போட்டார்கள். இன்றைய பேட்டுகளில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. துளை போட்டால் சூட்டைத் தாங்கவேண்டிய வார்ப்பிரும்பின் எடைதான் குறைகிறது. மேலும் சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் இழுவிசை துளையின் விளிம்பில் போய்க் குவிகிறது. டிஸ்க்கைக் குளிரவைப்பது துளை அல்ல, இரண்டு தகட்டுக்கும் நடுவில் விசிறி போல இருக்கும் இடைவெளிதான். லேசான ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்ல கம்பெனி செய்து கொடுப்பது வேறு விஷயம். இரண்டரை டன் வண்டிக்கு, மலைப்பாதைக்கு, வேண்டவே வேண்டாம்.

கோடு வெட்டிய டிஸ்க்?

அது பரவாயில்லை. கோடு பேட்டின் மேல்தோலைச் சுரண்டிப் புதுசாக வைத்திருக்கும், சேற்றையும் தண்ணீரையும் வழித்துத் தள்ளும். எஸ்டேட் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஓங்கி மிதித்தால் ர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும், பேட் கொஞ்சம் சீக்கிரம் தேயும். இடது, வலது என்று தனித்தனியாக இருந்தால் மாற்றிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நல்ல வார்ப்பில் செய்த சாதா டிஸ்க்கோடு நல்ல பேட் சேர்ந்தால் பத்தில் எட்டுப் பேருக்கு அதுவே மேல் என்பது என் கருத்து.

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்கிறார்களே?

வளைவது அபூர்வம். சூடான டிஸ்க்கை மிதித்தபடியே சிக்னலில் நின்றால் பேட்டின் பொருள் அந்த இடத்தில் மட்டும் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். அந்த மேடு ஒவ்வொரு சுற்றிலும் பேட்டைத் தட்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு தடிமன் வித்தியாசம் வந்தாலே காலுக்கும் கைக்கும் தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம் மாட்டும்போதே நடப்பது. ஹப் முகத்தில், அதாவது டிஸ்க் உட்காரும் இடத்தில், துரு இருக்கும்; அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல் புது டிஸ்க்கை அதன் மேலேயே வைத்துவிடுவார்கள். டிஸ்க் இம்மி சாய்ந்து உட்காரும். பெரும்பாலான வண்டிகளுக்கு அனுமதிக்கப்படும் ஆட்டம் 0.05 மில்லிமீட்டர் அளவுதான், சாதாரண வெள்ளைத்தாளின் தடிமனில் பாதி. துருத் துணுக்கு ஒன்று போதும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆட்டம் தொடங்கும், பழி டிஸ்க் கம்பெனி மேல் விழும். வீல் நட்டை ஏர் கன்னால் கண்டபடி இறுக்குவதும் இதே வேலையைச் செய்யும். டார்க் ரெஞ்ச் வைத்துக் குறுக்குநெடுக்காக இறுக்கச் சொல்லுங்கள்.

லேத்தில் கொடுத்துக் கடைந்து திரும்பப் போடலாமா?

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். கடைந்த பிறகும் அதற்கு மேல் மிச்சம் இருந்தால் போடலாம். ஆனால் கடைந்த டிஸ்க் மெலிந்த டிஸ்க். சூடு தாங்கும் எடை குறைந்துவிட்டது. மலைக்குப் போகிற வண்டிக்கு நான் கடைவதில்லை. நீலம் பூத்து, கறுப்புத் திட்டு விழுந்த டிஸ்க்கைக் கடைவது வீண். அந்த இடத்தில் இரும்பே இறுகிப்போயிருக்கும், கொஞ்ச நாளில் மேடு திரும்பவும் கிளம்பும்.

முன்பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

டிஸ்க் மட்டும் என்றால் போதும். பிரேக் வேலையில் முக்கால் பங்கு முன்சக்கரத்துக்குத்தான். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் ஒருபோதும் கூடாது. நான்கு பக்கமும் டிஸ்க் உள்ள வண்டியில் முன்னால் கடிக்கிற பேட், பின்னால் மெத்தென்ற பேட் என்று போட்டுவிட்டால் பிரேக் வேலை முன்பக்கமே அதிகமாகிவிடும். ஒரே வகையாக வாங்குங்கள். பின்னால் டிரம் இருந்தால் பிரேக் ஷூவின் நிலைமையையும், அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் ஸ்கேனரை மாட்டிப் பின் காலிப்பரைத் திறக்காமல், ஸ்குரூ டிரைவரால் நெம்பி உள்ளே தள்ளினால் மோட்டார் போச்சு.

ஆறு பிஸ்டன் காலிப்பர், பெரிய டிஸ்க் என்று முழு கிட் போடலாமா?

பெரிய டிஸ்க் என்றால் சூடு தாங்கும் எடை கூடும், நெம்புகோல் நீளமும் கூடும். அந்த அளவில் லாபம் உண்மைதான். ஆனால் 17 அங்குல வீலுக்குள் அது நுழையாமல் போகலாம். ஸ்டெப்னி நுழையுமா என்பதையும் பாருங்கள். முன்னால் மட்டும் பலம் கூடினால் கம்பெனி கணக்குப் போட்டு வைத்த முன்பின் பங்கீடு கலைந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் அசல் அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே அளவில் பேட்டும் டிஸ்க்கும் மாற்றுவது தேய்மான சாமானை மாற்றுவதுதான். கிட் போடுவதென்றால் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து கிட் தேவைப்படும் அளவுக்கு ஓட்டுகிற குடும்பஸ்தர் யாருமில்லை.

டயரைப் பெரிதாக்கிவிட்டேன். அதனால் பிரேக் குறையுமா?

குறையும். 265/60 ஆர்18 டயரிலிருந்து 285/60 ஆர்18க்குப் போனால் விட்டம் 775 மில்லிமீட்டரிலிருந்து 799 ஆகிறது. அதே பெடல் அழுத்தத்துக்கு ரோட்டில் கிடைக்கும் பிடிப்பு 3 சதவீதம் குறையும், டயரின் கூடுதல் எடை வேறு. அதோடு பட்டன் பெரிதாக உள்ள மண் ரோட்டு டயர் ஈரத் தார் ரோட்டில் இன்னும் வழுக்கும். பெரிய டயரைப் போட்டுவிட்டு, பிரேக் சரியில்லை என்று வருகிறவர்களுக்கு மேலே சொன்ன செமி மெட்டாலிக்தான் என் பதில். ரூஃப் கேரியரில் ஏற்றும் சாமானையும் கொஞ்சம் குறையுங்கள்.

ஒரிஜினலா, வெளிச் சந்தையா? டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரேக் தொழிலின் பெரிய வீடு நம்ம சென்னைதான். பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் சென்னையின் பாடி பகுதிக்காரர்கள், ரானேயும் சென்னைதான். இத்தாலியின் பிரெம்போவுக்குப் புனேயில் ஆலை இருக்கிறது. பெயர் தெரிந்த கம்பெனி, பில்லோடு, அதன் விநியோகஸ்தரிடம் வாங்கினால் போதும். இங்கிலாந்தின் ஈபிசி போன்றவை பாரமான வண்டிக்கென்றே தனி வரிசை வைத்திருக்கின்றன. வாங்கும்போது உங்கள் மாடலுக்கு உரிய எண் இருக்கிறதா என்று பாருங்கள், "இதுவும் பொருந்தும்" என்ற பேச்சு வேண்டாம்.

டூப்ளிகேட் பேட்டில் எழுத்து மங்கலாக இருக்கும், பின் தகட்டின் பெயின்ட் நகத்தில் உரியும், உராய்வுப் பொருள் தகட்டோடு ஒட்டும் இடத்தில் இடைவெளி தெரியும். அந்த இடைவெளிதான் என்னைப் பயமுறுத்துகிறது. பொருள் கழன்று விழுந்தால் இரும்புத் தகடு டிஸ்க்கைக் கடிக்கும்.

புதுசு மாட்டியதும் என்ன செய்ய வேண்டும்?

ஷெட்டை விட்டு நகரும் முன் பெடலைப் பத்துப் பதினைந்து தடவை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். முதல் மிதி தரையைத் தொடும். இதை மறந்து எதிர்ச் சுவரில் முட்டியவரை எனக்குத் தெரியும்.

பிறகு செட் செய்வது. அவினாசி பக்கம் காலை ஐந்தரை மணிக்குப் போனால் ரோடு காலியாக இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாக மிதித்து இறக்கி, முழுக்க நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுக்க வேண்டும். இப்படி எட்டுப் பத்து தடவை. லேசாகக் கருகல் வாடை வரும், பயப்பட வேண்டாம். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் பெட்டியில் வேறு முறை எழுதியிருந்தால் அதுதான் சட்டம். இதைச் செய்யாமல் நேராக மலை ஏறினால் மேலே சொன்ன திட்டு முதல் வாரத்திலேயே விழும்.

இறங்கும்போது சக்கரத்திலிருந்து புகை வருகிறது. தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. பழுக்கச் சூடான வார்ப்பிரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஓரமாக நிறுத்துங்கள், கியரில் விட்டு (ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில்) பின்சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள், பெடலிலிருந்து காலை எடுங்கள். பின் டிஸ்க்கும் சூடாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து வைக்க வேண்டாம். அரை மணி நேரம் ஆகும். பர்லியாறு என்றால் கவலையே இல்லை, டீ கிடைக்கும். சீசனாக இருந்தால் மங்குஸ்தானும் கிடைக்கும். கிளம்பும் முன் பெடல் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டாவது கியரைப் போட்டு இறங்குங்கள்.